நெரிக்காத ரவை

தமிழில் ரவை என்ற சொல் கேசரிக்கும் துப்பாக்கிக்கும் பொது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், கனடாவின் மொன்றியலில், இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்வதற்கு ஒரு சின்னத் துணிவு வேண்டியிருந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் கடைகளில் “ரவை இருக்கோ?” என்று கேட்டுவிட்டு, கேட்டது யாருக்காவது வேறுவிதமாகக் கேட்டிருக்குமோ என்று சுற்றிப் பார்க்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்டது கேசரி கிண்ட. நான் வீட்டின் கீழறையில் செய்துகொண்டிருந்தது மற்றது.

அதற்கு முன்னர் டோர்வலில், விமானம் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஒரு விமானத்தையும் என் கை தொட்டதில்லை. மற்றவர்கள் எப்படித் தொடவேண்டும் என்று எழுதுவது என் வேலை. எந்தத் திருகாணியை எந்த ஒழுங்கில், எவ்வளவு இறுக்கத்தில் பூட்டுவது என்று எழுதுவேன். பின்னர் எழுதியபடி செய்கிறார்களா என்று முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒரு பாகத்தில் பிழை கண்டால் “பாவனையை உடன் நிறுத்தவும்” என்று அறிவித்தல் போடுவதும் நான்தான். அந்த அறிவித்தல்களை நான் ரசித்து எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிழை விட்டவரின் பெயர் எங்கும் வராமல், ஆனால் ஆளை எல்லோருக்கும் விளங்கும்படி எழுதுவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். எனக்கு அது இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நடைமுறை இல்லாமல் போனது. கையேடு இல்லாத மனிதனாக வீட்டில் இருந்தேன். மனைவி சோற்றுக்கு அரிசி கழுவும் முறையில் நான் திருத்தங்கள் சொல்லத் தொடங்கியபோது அவளுக்குப் பொறுமை முடிந்தது. அந்த நேரத்தில்தான் பழைய வேலைத்தளத்தில் கூட இருந்த, பிரெஞ்சு பேசும் கெபெக்காரர் ஒருவர், சின்ன வீட்டுக்கு மாறுவதால், தன்னுடைய ரவை நிரப்பும் பொறியை எனக்குத் தந்தார். சுட்ட பிறகு வெளியே விழும் வெறும் பித்தளைக் கோதைப் பொறுக்கி, துப்புரவாக்கி, பழைய அளவுக்கு இழுத்து எடுத்து, அடியில் தீப்பொறி கொடுக்கும் புதுக் கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் சன்னத்தை, அதாவது பறந்துபோகிற உலோகத் துண்டை, வைத்து அமுக்கினால் மறுபடியும் ஒரு ரவை. ஒவ்வொரு படிக்கும் ஒரு அளவு, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எல்லை. எனக்குச் சொர்க்கம் திறந்தது. துப்பாக்கியை வாங்கியதே இதற்காகத்தான். சட்டம் கேட்ட அனுமதி, பதிவு, பூட்டு எல்லாம் செய்தேன். கேட்காத பூட்டுகளும் போட்டேன். நான் மோசமாகச் சுடுகிறவன். ஆனால் என் ரவைகளின் நீளத்தில் தலைமயிரளவு வித்தியாசமும் கிடையாது.

“சனம் வெடிச் சத்தம் கேக்காமல் இருக்கத்தான் அங்கயிருந்து இஞ்ச ஓடி வந்தது,” என்றாள் மனைவி. “நீங்கள் காசு குடுத்துப் போய்க் கேக்கிறியள்.”

மாதா கோயிலில் யாராவது நான் என்ன செய்கிறேன் என்று விசாரித்தால், நான் கீழே பழைய மணிக்கூடுகள் திருத்துவதாகச் சொல்லிவைத்திருந்தாள். இரண்டு பேர் மணிக்கூடு கொண்டுவந்தும் தந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் உண்மையைச் சொல்வது அதைவிட வெட்கம். செய்திகளில் எங்கள் இனத்தின் பெயர் வந்தாலே வேலைத்தளங்களில் மேலதிகாரிகள் நிமிர்ந்து பார்க்கும் காலம் அது.

உண்மை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கோயிலில் எல்லோரும் அவரை மட்டக்களப்பார் என்பார்கள். யாழ்ப்பாணத்தார் நாங்கள் மற்றவர்களுக்கு அவர்களுடைய ஊரையே பெயராக வைத்துவிடுவோம். எங்களுக்கு மட்டும் பெயர் இருக்கும். விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. என்னைவிட வயதில் இளையவர், வாய் ஓயாதவர். கூட வேலை செய்த கெபெக்காரர்களோடு ஒவ்வொரு இலையுதிர்காலமும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார். அவரிடமும் என்னிடமும் இருந்தவை ஒரே அளவு ரவை போடும் துப்பாக்கிகள், இரண்டுமே செமி ஓட்டோமட்டிக். அதாவது விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி. வெறும் கோதை வெளியே எறிந்து அடுத்த ரவையை உள்ளே தள்ளும் வேலையைத் துப்பாக்கி தானே செய்துகொள்ளும்.

அவருடைய மனைவி ரவை லட்டு செய்வதில் பெயர் போனவர். நத்தாருக்கும் ஈஸ்டர் பெரியநாளுக்கும் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றை நிரப்பி எங்களுக்கு அனுப்புவார். எங்கள் வீடுகளில் பண்டம் வந்த ஏதனத்தை, அந்தப் பாத்திரத்தை, வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்போம். வழக்கமாக அதை என் மனைவி பார்த்துக்கொள்வாள். ஒரு முறை அவள் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோவுக்குப் போயிருந்தாள். டப்பா கழுவிக் கிடந்தது. வேட்டைக்காலம் கிட்டியிருந்தது. வீட்டில் என் கையால் செய்த பண்டம் ஒன்றுதான் இருந்தது.

துடைத்து மினுக்கிய ரவைகளை அதில் அடுக்கினேன். மூடியில் ஒரு தாளை ஒட்டி அழகாக “ரவை” என்று எழுதினேன். அந்தப் பகிடியில் எனக்கே ஒரு பெருமை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரவை நிரப்புவது பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கங்களில் ஒரு விதி இருக்கும்: வேறொருவர் நிரப்பியதை நீ சுடாதே, நீ நிரப்பியதை வேறொருவருக்குக் கொடாதே. அதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அவருடைய அனுமதி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைக் கொடுத்தேன், ஆகவே சட்டம் என் பக்கம். விதி என் பக்கம் இல்லை. ஆனால் ஏதனத்தை வெறுமையாகக் கொடுப்பதாவது! விமானத்தில் ஒரு திருகாணியை ஒழுங்கு மாறிப் பூட்டியவனை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவன் நான். எனக்குத் தெரிந்த விதிகளில் மிக மூத்ததை ஒரு ஐஸ்கிறீம் டப்பாவுக்காக மீறினேன்.

அந்த வருடம் அவர் வேட்டையால் வந்து, கடதாசியில் சுற்றிய இறைச்சியை எங்கள் மேசையில் வைத்தார்.

“அண்ணன், உங்கட ரவைதான். ஒரே வெடி. ஆள் அசையல்ல.”

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. லட்டு வரும், ரவை போகும், இறைச்சி வரும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான். சன்னத்தை வைத்த பிறகு கோதின் வாய் விளிம்பை உள்நோக்கிச் சற்று நெரித்து, சன்னத்தைக் கவ்வ வைப்பதா, விடுவதா என்பது. ஆங்கிலத்தில் கிரிம்ப் என்பார்கள். நாங்கள் தமிழில் “கழுத்தை நெரிக்கிறது” என்றோம். மெட்ரோவில் ஒரு நாள் இதைப் பற்றி உச்சத்தில் கதைத்துக்கொண்டு போனோம்.

“சும்மா ஒருக்கா நெரிச்சு விடுங்களன் அண்ணன். மனசுக்கு நிம்மதி.”

“தேவையில்லை எண்டு சொல்லுறன். நெரிச்சால்தான் பிரச்சினை.”

“மெதுவா நெரிங்க. ஆரு உங்கள அமத்தச் சொன்ன?”

எங்களுக்கு முன்னால் மரக்கறிப் பையோடு இருந்த தமிழ் அம்மா ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த நிலையத்தில் எழுந்து, இறங்காமல், பெட்டியின் மறு அந்தத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

“பாவம், பயந்திட்டா,” என்றார் மட்டக்களப்பார். “போய்ச் சொல்லட்டா, ஆளுட கழுத்தில்ல, கோதுட கழுத்தெண்டு?”

“அதைக் கேட்டால் பொலிசுக்கே ஃபோன் அடிச்சிடுவா. பேசாமல் இரும்.”

விஷயம் இதுதான். செமி ஓட்டோமட்டிக் துப்பாக்கி ரவையை மெதுவாக உள்ளே வைப்பதில்லை, உதைத்துத் தள்ளும். சன்னத்தின் மூக்கு போய் இரும்பில் இடிக்கும். கோதின் கழுத்து இறுக்கமாகப் பிடிக்காவிட்டால் சன்னம் உள்ளே பின்வாங்கும். உள்ளே இடம் குறைந்தால், வெடிக்கும்போது அழுத்தம் கூடும். அது எவ்வளவு கூடும், இரும்பு அதைத் தாங்குமா, சுடுகிறவருடைய முகத்துக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆகவே நெரி என்பது ஒரு கட்சி. கழுத்து நன்றாகப் பிடித்தால் அதுவே போதும், மழமழப்பான சன்னத்தை நெரித்தால் பித்தளை திரும்ப விரிந்து பிடி இன்னும் தளரும், ஆகவே விடு என்பது மற்றக் கட்சி. இரண்டு கட்சிக்கும் புத்தகம் இருக்கிறது. நான் இரண்டாம் கட்சி. ஒரு வேலையைச் செய்யாமல் விடுவதற்கு நியாயம் கண்டுபிடித்தவனைப்போல உறுதியான ஆள் வேறு இல்லை.

“அண்ணன், பெல்ட்டில வாற பெட்டிய நாங்க எப்பிடி எறியிற எண்டு நீங்க காணல்ல,” என்பார் அவர். “பூட்டின பெட்டியே வாயப் புளக்கும். நீங்க பூட்டாமலே அனுப்பிறீங்க.”

“சன்னம் பெட்டி இல்லை. நான் பெட்டி தூக்கிறவனும் இல்லை.”

அப்படித்தான் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார்.

நான் சொல்ல வந்த இலையுதிர்காலத்தில் அவர் வேட்டைக்குப் போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன. போகும்போது வழக்கப்படி என் டப்பாவும் அவரிடம் இருந்தது. நான் நகரத்துக்கு வெளியே சுடுகளத்துக்குப் போனேன், அதே தொகுதியில் மிஞ்சிய ரவைகளோடு. அன்று காற்று, இலக்குத் தாள்கள் கழன்று கழன்று பறந்தன. ஒவ்வொரு முறையும் களப் பொறுப்பாளர் “நிறுத்து” என்று கத்துவார். எல்லோரும் துப்பாக்கியை வெறுமையாக்கி வைத்துவிட்டு நிற்கவேண்டும். நான் சுடாத ரவையை வெளியே எடுப்பேன், மறுபடி ரவை அடுக்கும் மகசினில் மேலே வைப்பேன், மறுபடி உள்ளே போகும், மறுபடி “நிறுத்து”. பல தடவை இப்படிப் போன பிறகு கையில் எடுத்த ரவையைப் பார்த்தேன். எனக்கு அளவு பார்க்கக் கருவி தேவைப்படவில்லை. சன்னம் குட்டையாக இருந்தது. கழுத்துக்குள் இறங்கியிருந்தது.

மேசையில் வைத்து கலிப்பரால் அளந்தேன். மற்றொன்றை எடுத்து, உள்ளே விட்டு வெளியே எடுத்து, திரும்பத் திரும்ப அளந்தேன். அதுவும் இறங்கியது. காரணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அந்த முறை நான் கோதுகளை வேறொரு இடத்தில் வாங்கியிருந்தேன்; வேறு கம்பனியின் தயாரிப்பு, கழுத்துச் சுவர் மெல்லியது. என் பொறி பழைய கோதுக்கென்று வைத்த அளவிலேயே இருந்தது. கழுத்து சன்னத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பாகத்தின் தயாரிப்பாளர் மாறினால் மறுபடி பரிசோதிக்கவேண்டும் என்ற வரியை என் வாழ்நாளில் எத்தனை கையேடுகளில் எழுதியிருப்பேன்.

பிறகு மற்றது உறைத்தது. வேட்டைக்காரர் மாலையில் முகாமுக்குத் திரும்பும்போது துப்பாக்கியை வெறுமையாக்குவார். காலையில் மறுபடி ஏற்றுவார். அதே ரவை, அதே முதல் இடி. மான் வராத நாட்கள் எத்தனையோ, அத்தனை இடி. மான் வருகிற நாளில் அந்த ரவை அவருடைய கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

முகாமில் தொலைபேசி இல்லை, அந்தக் காட்டில் கைத்தொலைபேசியும் எடுபடாது. அவருடைய மனைவிக்கு எடுத்தேன்.

“இடம் எங்கயெண்டு சொல்லுங்கோ பிள்ளை. நான் ஒருக்காப் போகவேணும்.”

“என்ன அண்ணன், நீங்களும் மான் சுடவோ?”

“இல்லை. நான் குடுத்த ரவையில ஒரு பிழை. அதைப் பாவிக்க வேண்டாமெண்டு சொல்லவேணும்.”

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

“உங்கட ரவையா? அதுக்கு ஏன் அண்ணன் அவ்வளவு தூரம் போறீங்க? மறுகா வந்து சொல்லலாம்தானே.”

பிறகு என்பதற்கு எங்களுடைய சொல் “பேந்து”, அவர்களுடையது “மறுகா”. பாவம், விஷயம் விளங்கவில்லை என்று நினைத்தேன். கண் போய்விடும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல விரும்பவில்லை. அவசரம் என்று மட்டும் சொன்னேன். பெருமூச்சுவிட்டு வழி சொன்னார். மோன்-லோரியே தாண்டி, ஒரு பெற்றோல் நிலையத்துக்குப் பிறகு மண் பாதை.

விடிந்ததும் வெளிக்கிட்டேன். மனைவி வாசலில் நின்றாள்.

“என்னெண்டு சொல்லப்போறியள்?”

“யோசிக்கிறன்.”

“யோசிக்க என்ன கிடக்கு? நான் பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. மூண்டு சொல். உங்களுக்குத்தான் அது வாயில வராது.”

வழிநெடுக அறிவித்தலைத் தயாரித்தேன். பழக்கதோஷம், பாகம், குறைபாடு, நடவடிக்கை என்ற ஒழுங்கில்தான் வந்தது. “கழுத்துப் பிடிமானம் போதாமை அவதானிக்கப்பட்டுள்ளது.” யாரால் அவதானிக்கப்பட்டது, யாரால் போதாமற் போனது என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. எவ்வளவு நல்ல வாக்கியம் என்று எனக்கே தோன்றியது. இருபுறமும் ஊசியிலை மரங்கள். ஒரு வளைவில் எதிரே வந்த லொறியின் மேல் கொம்போடு ஒரு மான் கிடந்தது. யாரோ இன்று சுட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

முகாம் ஒரு பலகை வீடு. மட்டக்களப்பார் வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் இருந்தன. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

“அண்ணன்! என்ன இஞ்ச? வீட்டில ஒண்டும் இல்லையே?”

“இல்லை. ரவை.” அறிவித்தல் மறந்துபோயிருந்தது. “நான் தந்த ரவையைச் சுடாதையும். பிழை. சன்னம் உள்ளுக்கு இறங்குது. நான் பிழை விட்டிட்டன்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பயந்துபோவார் அல்லது கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவருடைய முகத்தில் வந்தது வேறொன்று. கள்ளம் பிடிபட்ட ஆளின் முகம்.

“அது இஞ்ச இல்ல அண்ணன்.”

“எங்க?”

“வீட்டில. கட்டிலுக்குக் கீழ, பூட்டுப் பெட்டிக்க.”

“ஏன், கொண்டு வரேல்லையோ?”

“நான்… கொண்டு வாறல்ல.” உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒரு வருசமும் கொண்டு வரல்ல.”

நான் ஒரு அடி கிட்டப் போனேன்.

“அப்ப அந்த மான்? ஒரே வெடி எண்டீர்?”

“ஒரே வெடிதான். கடை ரவை.”

“ஒண்டாவது சுட்டனீரோ?”

“இல்ல அண்ணன். கோவிக்காதீங்க. எனக்குப் பயம்.”

“அப்ப ஏன் ஐசே வாங்கினனீர்?”

“வேணாமெண்டு எப்பிடிச் சொல்லுற? ஒவ்வொண்டையும் துடைச்சு, அடுக்கி, பேரும் எழுதித் தாறீங்க. நான் வீட்டில அவட்டச் சொன்ன, இந்த மனிசனுக்கு இனி லட்டு அனுப்பாத, அனுப்பினா ரவை வரும் எண்டு. அவ கேட்டாத்தானே!”

தொலைபேசியில் கேட்ட பெருமூச்சுக்கும் “மறுகா வந்து சொல்லலாம்தானே” என்றதற்கும் அப்போதுதான் பொருள் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ருசியில்லாத பண்டத்தை வாங்கி, “நல்லா இருந்தது” என்று சொல்லி, ஒரு மூலையில் வைப்பதுபோல என் ரவைகளை வைத்திருந்தார்கள். அவருடைய கண் தப்பியது என் கவனத்தால் அல்ல, அவருடைய பயத்தால். போய் விறகுக் குவியலில் இருந்தேன். ஆறுதலும் வெட்கமும் ஒன்றாக வந்தால் எது எது என்று பிரித்தறிய முடியாது. சிரித்திருக்கலாம். எனக்கு வரவில்லை.

“வாங்க, சாப்பிடுங்க முதல்ல,” என்று கையைப் பிடித்து எழுப்பினார்.

உள்ளே இரண்டு கெபெக்காரர்கள். ஒருவர் முகாமின் சொந்தக்காரர். மற்றவர் பெரிய தாடிக்காரர். மட்டக்களப்பார் பிரெஞ்சில், என் தோளைத் தட்டி, “இவர்தான் அவர்!” என்று அறிமுகப்படுத்தினார். இரண்டு பேரும் எழுந்தே விட்டார்கள்.

“டோர்வல் எஞ்சினியர்! போன வருட மான் உங்களுடைய ரவைதானே! இவர் சொல்லிச் சொல்லி எங்களுக்குப் பாடம்,” என்றார் சொந்தக்காரர்.

நான் மட்டக்களப்பாரைப் பார்த்தேன். அவர் சூப் கிண்ணங்களை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார். என் பின்னாலும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு முன்னாலும் அதை விடுவதாக இல்லை.

தாடிக்காரர் என் கையைக் குலுக்கினார். “உங்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டும். நானும் என் ரவையை நானே நிரப்புகிறவன். என்னுடையதும் செமி ஓட்டோமட்டிக். முந்தி ஒவ்வொன்றையும் நெரிப்பேன். எஞ்சினியர் நெரிக்க வேண்டாம் என்கிறார் என்று இவர் சொன்னார். விட்டுவிட்டேன். அரை வேலை மிச்சம்.”

என் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

என் கட்சியை நம்பாத ஒரே மனிதர் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் வேறொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார், என் மதிப்புக்காக. நம்பினவர் என் எதிரே பாண் ரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“மெஸ்யூ, உங்கள் மகசினில் மேலே இருக்கிற ரவையை நான் பார்க்கலாமா? காலையில் ஏற்றி, மாலையில் எடுக்கிறீர்களே, அதை.”

அவர் வியப்போடு போய்ப் பூட்டைத் திறந்து, மகசினைக் கொண்டுவந்து, ரவைகளை மேசையில் நிறுத்திவைத்தார். சூப் கிண்ணங்களுக்கிடையில் வரிசையாக நின்றன. அளக்கவே தேவையில்லை. முதலாவது மற்றவற்றைவிடக் குட்டை. இருந்தாலும் சட்டைப்பையிலிருந்து கலிப்பரை எடுத்து அளந்தேன், கையை எங்காவது வைக்கவேண்டும் என்பதற்காக. பிறகு சொன்னேன்: இதைச் சுடாதீர்கள், இந்தத் தொகுதியில் ஒன்றையும் சுடாதீர்கள், நான் சொன்னது உங்கள் கோதுக்குப் பொருந்தவில்லை, என் கோதுக்கும் பொருந்தவில்லை. என் பிரெஞ்சு வேலைத்தளத்துப் பிரெஞ்சு. மன்னிப்புக் கேட்பதற்கு அதில் சொற்கள் குறைவு.

தாடிக்காரர் குட்டை ரவையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு மட்டக்களப்பாரிடம் திரும்பினார்.

“உன்னுடையதும் இதே மாதிரித்தானே? இத்தனை வருடம் சுட்டாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?”

மட்டக்களப்பார் வெறும் கிண்ணத்தில் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவருடைய மான் கதை, அவர்களோடு இருந்த வருடங்கள், எல்லாம் அந்த மேசையில் நின்றன. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதில்தான்.

“அவருக்குக் கொடுத்தவற்றை நான் நெரித்திருந்தேன்,” என்றேன்.

சொந்தக்காரர் புருவத்தை உயர்த்தினார். தாடிக்காரர் மெதுவாகக் கேட்டார்:

“நண்பருக்கு நெரித்துக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர்களா?”

“ஆம்.”

“அண்ணன், என்ன சொல்லுறீங்க நீங்க?” என்றார் மட்டக்களப்பார் தமிழில்.

“நீர் சும்மா இரும்.”

தாடிக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மெர்சி, மெஸ்யூ,” என்று சொல்லி ரவைகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்துபோனார். சொந்தக்காரர் என் கிண்ணத்தில் இன்னும் சூப் ஊற்றினார், வீட்டுக்கு வந்துவிட்ட கடன்காரனுக்கு ஊற்றுவதுபோல. குடித்து முடித்தேன். மிச்சம் வைப்பது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

மட்டக்களப்பார் கார்வரை வந்தார்.

“இனி அவங்க உங்கட கதைய நம்ப மாட்டாங்க அண்ணன். உங்களக் கள்ளனெண்டு நெனப்பாங்க. நான் உண்மையச் சொல்லிப்போடுறன்.”

“ஒண்டும் சொல்லாதையும். நம்பாமல் இருக்கட்டும். அதுக்குத்தானே நான் வந்தனான்.”

அவர் தலையாட்டினார். காரைத் திருப்பி மண் பாதையில் இறங்கினேன். கடைசியாகச் சொன்ன வார்த்தை நன்றாக இருந்தது என்று ஒரு கணம் நினைத்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அது உண்மையே அல்ல. நான் வந்தது எனக்குத் தெரிந்த ஒருவருடைய கண்ணுக்காக. அங்கே தாடியோடு இன்னொரு மனிதர் இருப்பதும், காலைதோறும் என் சொல்லைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு காட்டுக்குள் போவதும் எனக்குத் தெரியாது. தெரியாமலே வந்து, தெரிந்து வந்தவன்போலப் பேசிவிட்டுப் போனேன்.